தாத்தா கையில் செல்போன்! மூளைக்கு நல்லதா, கெட்டதா?

பாலாற்றங்கரை ஊர்கள் பலவற்றுக்குத் தோல்தான் வாழ்வு. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி! இந்தப் பெயர்களைச் சொன்னாலே தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் ஷூ கம்பெனிகளும் நினைவுக்கு வரும். இங்கே தைக்கப்படும் ஷூக்கள் கடல் கடந்து போய் வெளிநாட்டார் கால்களில் ஏறுகின்றன.

ஒரே வேலூர் மாவட்டமாக இருந்த இந்த வட்டாரம் 2019ல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்கள் ஆயிற்று. மாவட்டம் பிரிந்தது. தொழில் பிரியவில்லை.

பொழுது விடிந்தால் ஷூ கம்பெனி பஸ்கள் ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிச் செல்கின்றன. மகன் வேலைக்குப் போகிறான். மருமகளும் போகிறாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வீட்டில் மிஞ்சுவது யார்? தாத்தாவும் ஆயாவும்தான்.

அவர்களுக்குத் துணை? பல வீடுகளில் இப்போது ஒரு செல்போன்!

"இந்த வயதில் இவருக்கு இன்டர்நெட் எதற்கு?" என்று சிலர் கேலி செய்கிறார்கள். "அதைப் பார்த்துப் பார்த்து இருக்கிற புத்தியும் போய்விடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள்.

உண்மை என்ன? செல்போனும் இன்டர்நெட்டும் முதியவர்களின் மூளையைக் கெடுக்குமா, காக்குமா? உலகமெங்கும் விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டது பலருக்கு வியப்பாக இருக்கும்.

மறதி வேறு, மறதி நோய் வேறு

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மறதி வேறு. மறதி நோய் வேறு.

மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது மறதி. அது யாருக்கும் வரும். கண்ணாடி எதற்கு என்பதே தெரியாமல் போவது நோய்.

கடைக்குப் போய் உப்பு வாங்க மறப்பது மறதி. கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழி தெரியாமல் நிற்பது நோய். அதுவும் நாற்பது வருடம் நடந்த தெருவிலேயே!

இந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்துள்ள பெயர் டிமென்ஷியா. மூளையில் உள்ள நரம்பு அணுக்கள் சிறுகச் சிறுக அழிவதால் இது வருகிறது. இதில் பல வகை உண்டு. மிகுதியாகக் காணப்படும் வகைக்கு அல்சைமர் நோய் என்று பெயர். 1906ல் ஜெர்மனியைச் சேர்ந்த அலோய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர் இதை முதன்முதலாக எடுத்துச் சொன்னார். அவர் பெயரே நோய்க்கும் வந்துவிட்டது.

இதை முழுவதும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆகையால் வராமல் தடுப்பது எப்படி, வருவதைத் தள்ளிப்போடுவது எப்படி என்பதுதான் கேள்வி.

கணியம்பாடியில் ஒரு கணக்கெடுப்பு

"இதெல்லாம் வெள்ளைக்காரர் நோய். நம் ஊரில் ஏது?" என்று ஒரு காலத்தில் பலரும் நினைத்தார்கள். அந்த நினைப்பைப் பொய்யாக்கிய இடங்களில் ஒன்று வேலூர்தான்!

1900ல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய ஆஸ்பத்திரிதான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. இன்று "சி.எம்.சி." என்றால் நாடெங்கும் தெரியும். அந்த ஊழியத்தின் தொடர்ச்சியாக வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களிலும் அதன் டாக்டர்கள் பல ஆண்டுகளாக வீடு வீடாகச் சென்று வருகிறார்கள்.

1998ல் பல நாட்டு டாக்டர்கள் கூடி ஓர் ஆராய்ச்சிக் குழு அமைத்தார்கள். அதற்கு வைத்த பெயர் "10/66". இது என்ன விசித்திரமான பெயர் என்று தோன்றலாம். உலகத்தில் மறதி நோய் கண்டவர்களில் 100க்கு 66 பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் நடக்கும் ஆராய்ச்சிகளில் 100க்கு 10 கூட அந்த நாடுகளைப் பற்றியது அல்ல. இந்த அநியாயத்தைச் சுட்டிக்காட்டவே அந்தப் பெயர்.

அந்தக் குழுவுக்காக சி.எம்.சி.யின் மனநல டாக்டர் கே. எஸ். ஜேக்கப்பும் அவருடைய கூட்டாளிகளும் கணியம்பாடி கிராமங்களில் 65 வயதைத் தாண்டிய சுமார் ஆயிரம் பேரைப் பரிசோதித்தார்கள். முடிவு 2007ல் வெளியாயிற்று.

மேல்நாட்டு விதிமுறைப்படி கணக்கிட்டபோது நோய் கண்டவர்கள் 100க்கு ஒருவர்கூட இல்லை. படிப்பறிவு இல்லாதவர்களுக்கும் பொருந்தும்படி அமைத்த முறையில் கணக்கிட்டபோது 100க்கு 10 பேருக்கு மேல் இருந்தார்கள்!

ஏன் இந்த வித்தியாசம்?

மேல்நாட்டு விதியில் ஒரு நிபந்தனை உண்டு. நோயால் அன்றாட வேலை கெட்டிருக்க வேண்டும். அதை வீட்டார் சொல்ல வேண்டும். நம் கிராமத்து வீடுகளில் என்ன நடக்கிறது? வயதானவர்களை யாரும் வேலை வாங்குவதில்லை. சோறு போட்டு உட்கார வைக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று முடியவில்லை என்றால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருப்பாங்க" என்று விட்டுவிடுகிறார்கள். நோய் வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஆனால் யார் கண்ணுக்கும் படாது!

நம் அன்பே நோயை மறைக்கும் திரையாகி விடுகிறது.

பெண்களுக்கே அதிகம்

இந்தியா முழுவதற்கும் எடுத்த கணக்கு ஒன்று 2023ல் வெளியாயிற்று. 60 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் உண்டு என்று அது மதிப்பிட்டது. ஆட்கணக்கில் சொன்னால் சுமார் 88 லட்சம் பேர்!

ஆண்களில் 100க்கு ஏறத்தாழ 6 பேர். பெண்களில் 9 பேர். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். படித்தவர்களைவிடப் படிக்காதவர்களிடம் அதிகம்.

அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளை யார் படிக்க வைத்தார்கள்? சிறு வயதில் கிடைக்காமல் போன பள்ளிக்கூடத்துக்கு, வயதான காலத்தில் அவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

மூளையில் ஒரு சேமிப்பு

படிப்புக்கும் மறதி நோய்க்கும் என்ன சம்பந்தம்?

தபாலாபீசில் சிறுகச் சிறுகப் பணம் போட்டு வைக்கிறோம். கஷ்ட காலத்தில் அது கை கொடுக்கிறது. மூளையும் அப்படியே. புதிதாக ஒன்றைக் கற்கும்போது நரம்பு அணுக்களுக்கு இடையே புதுத் தொடர்புகள் உண்டாகின்றன. பிற்காலத்தில் நோய் வந்து சில தொடர்புகளை அறுத்தாலும், மற்றவை வேலையை ஏற்றுக்கொள்கின்றன. சேமிப்பு உள்ளவர் சமாளிக்கிறார். இல்லாதவர் சீக்கிரம் தடுமாறுகிறார்.

இந்தச் சேமிப்பு பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் கிடைக்குமா? இல்லை!

ஐதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி என்ற அம்மையார் மறதி நோய் கண்ட 648 பேரை ஆராய்ந்தார். 2013ல் முடிவை வெளியிட்டார். ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாகவே வந்திருந்தது! எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் காணப்பட்டது.

ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கு இது சந்தோஷமான செய்தி. வீட்டில் உருது, கடையில் தமிழ், ஆந்திர எல்லைப் பக்கம் போனால் தெலுங்கு என்று பேசுகிறவர்கள் இங்கே ஏராளம். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம் மூளை வேலை செய்கிறது.

வேலை நின்றது, மூளையும் நின்றது

தொழிலும் ஒரு பள்ளிக்கூடம்தான்.

அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் தோல் எத்தனை நாள் கிடக்க வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்பதெல்லாம் வேலைக்காரரின் மனக்கணக்கு. தோலைத் தடவிப் பார்த்தே இது எந்தத் தரம் என்று சொல்லும் கைகள் இன்றும் இந்த ஊர்களில் உண்டு. அந்தக் கைக்குப் பின்னால் ஒரு மூளை இருக்கிறது அல்லவா?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என்ன ஆகிறது? திண்ணை, சாப்பாடு, தூக்கம். நேற்றுவரை நூறு தோலைத் தரம் பிரித்த மூளைக்கு இன்று ஒரு வேலையும் இல்லை!

பதனிடாமல் போட்டு வைத்த தோல் கெட்டுப் போகும் என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். மூளையையும் சும்மா போட்டு வைக்கக் கூடாது.

அப்படியானால் அதற்கு என்ன வேலை கொடுப்பது? இங்கேதான் செல்போன் வருகிறது.

அமெரிக்காவில் 18 ஆயிரம் பேர்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டு 15ல். முதலில் அது பணக்காரர் பொருளாக இருந்தது. 2016க்குப் பிறகு கட்டணம் மளமளவென்று குறைந்தது. ஏழை வீட்டுக்கும் வந்தது. அமெரிக்காவில் அது முன்பே பரவிவிட்டது. ஆகையால் அங்கே நீண்ட கால ஆராய்ச்சி நடத்த முடிந்தது.

50 வயது முதல் 65 வயதுக்கு உட்பட்ட 18 ஆயிரம் பேரை நியூயார்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் யாருக்கும் மறதி நோய் இல்லை. அவர்களில் சிலரைப் பற்றி 17 ஆண்டுகள் வரையிலான விவரம் கிடைத்தது. முடிவு 2023ல் வெளியாயிற்று.

ஒழுங்காக இன்டர்நெட் பயன்படுத்தியவர்களுக்கு மறதி நோய் வரும் அபாயம், பயன்படுத்தாதவர்களுக்கு உள்ளதில் ஏறக்குறைய பாதிதான்!

இன்னொரு விஷயமும் தெரிந்தது. நாளுக்கு 2 மணி நேரம் வரை பார்த்தவர்களுக்கே அபாயம் மிகக் குறைவாக இருந்தது. அடியோடு பார்க்காதவர்களுக்கு அதைவிட அதிகம். மணிக்கணக்கில் பார்த்தவர்களுக்கும் அதிகமாக இருக்கலாம் என்று கணக்கு காட்டியது. ஆனால் அப்படிப் பார்த்தவர்களின் தொகை சிறியது. ஆகையால் அந்தக் கணக்கை உறுதி என்று சொல்ல முடியாது.

2025ல் இன்னும் பெரிய கணக்கு ஒன்று வெளிவந்தது. டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த இரண்டு விஞ்ஞானிகள் 57 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் அடங்கியவர்கள் 4 லட்சத்து 11 ஆயிரம் பேர்! செல்போன், கம்ப்யூட்டர், இன்டர்நெட் பயன்படுத்தும் முதியவர்களுக்கு அறிவுத்திறன் குன்றும் வாய்ப்பு 58 சதவீதம் குறைவு என்று தெரிந்தது.

குடை மழையைக் கொண்டுவருமா?

"அப்படியா! இன்றே தாத்தாவுக்கு ஒரு செல்போன் வாங்கிவிடுவோம்" என்று கிளம்ப வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

மழை பெய்யும்போது தெருவெல்லாம் குடை தெரியும். அதனால் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்லலாமா?

அதுபோலத்தான் இதுவும். மூளை நன்றாக இருப்பவர்தான் செல்போனைப் பயன்படுத்துவார். நோய் தொடங்கியவர் அதைத் தாமாகவே கீழே வைத்துவிடுவார். படிப்பும் பணமும் உள்ளவர் வீட்டில்தான் முதலில் இன்டர்நெட் வரும். அவருக்கு நல்ல சாப்பாடும் நல்ல வைத்தியமும்கூடக் கிடைக்கும். அப்படியானால் நன்மை செய்தது இன்டர்நெட்டா, மற்றவையா?

விஞ்ஞானிகள் இதை மறக்கவில்லை. படிப்பு, வருமானம், உடல்நிலை இவற்றின் பங்கைக் கழித்தும் பார்த்தார்கள். அப்போதும் வித்தியாசம் இருந்தது. ஆனாலும், "இன்டர்நெட் மறதி நோயைத் தடுக்கும்" என்று அவர்கள் சத்தியம் செய்யவில்லை. "சம்பந்தம் இருக்கிறது" என்று மட்டுமே சொல்கிறார்கள்.

ஒன்று மட்டும் தெளிவு. முதியவர் செல்போனைப் பழகுவதால் மூளை மழுங்கிவிடும் என்ற பயத்துக்கு இந்தக் கணக்குகளில் ஆதாரம் இல்லை.

டாலஸ் நகரத்துப் பரீட்சை

செல்போன் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தால் என்ன? அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில் இதையும் செய்து பார்த்தார்கள்.

60 வயதைத் தாண்டிய 18 பேருக்குப் பலகை போன்ற சிறிய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்தார்கள். வாரத்துக்கு 15 மணி நேரம், மூன்று மாதம் பாடம் நடந்தது. புதிய பாடம் எதுவும் இல்லாமல் பொழுதைக் கழித்த மற்ற முதியவர்களோடு அவர்களை ஒப்பிட்டார்கள்.

பாடம் படித்தவர்களுக்கு ஞாபக சக்தி கூடியிருந்தது. மூளை வேலை செய்யும் வேகமும் கூடியிருந்தது. எல்லாப் பரீட்சையிலும் அல்ல, சிலவற்றில். 2016ல் அச்சான இந்த ஆராய்ச்சி சிறியதுதான். ஆனால் முக்கியமான ஒன்றைக் காட்டுகிறது.

நன்மை செய்வது அந்தப் பெட்டி அல்ல. கற்றுக்கொள்ளும் முயற்சி!

தள்ளிக்கொண்டே இருப்பதா, தேடிப் பார்ப்பதா?

செல்போனை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம்.

ஒருவர் விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். ஒரு நடனம், ஒரு சண்டை, ஒரு சிரிப்பு. ஒரு மணி நேரம் போகிறது. என்ன பார்த்தோம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இது டெலிவிஷன் முன்னால் தூங்குவது போலத்தான்.

இன்னொருவர் துபாயில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசுகிறார். மின்சார பில் எவ்வளவு என்று தாமே பார்க்கிறார். பழைய நண்பரைத் தேடிப் பிடிக்கிறார். பேத்திக்கு நாலு வரி தமிழில் எழுதுகிறார். ஒவ்வொன்றிலும் நினைக்க வேண்டும், தேட வேண்டும், முடிவு செய்ய வேண்டும். இதுதான் மூளைக்கு வேலை.

பென்ஷன்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு. உயிரோடு இருப்பதை ஆண்டுக்கு ஒருமுறை நிரூபித்தால்தான் பென்ஷன் தொடரும். இதைக் கம்ப்யூட்டர் மூலம் செய்ய "ஜீவன் பிரமாண்" என்ற திட்டம் 2014 நவம்பரில் வந்தது. அதற்குப் பெரும்பாலும் விரல் ரேகை வைக்க வேண்டியிருந்தது. ஆயுள் முழுவதும் கைவேலை செய்தவர்களில் பலருக்கு ரேகை தேய்ந்து போயிருக்கும். மிஷின் ஏற்காது! 2021 நவம்பரில் இன்னொரு வழி வந்தது. செல்போன் காமிராவில் முகத்தைக் காட்டியே சான்று பெறலாம். பழகிக்கொண்டால் வீட்டில் இருந்தபடியே வேலை முடியும்.

ஆயாவின் முதல் பாடம்

வீட்டில் செல்போன் இருந்தும் பல ஆயாக்கள் அதைத் தொடுவதில்லை. பயம்! 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 வயது முதல் 49 வயது வரை உள்ள இந்தியப் பெண்களில் மூவரில் ஒருவரே இன்டர்நெட்டைப் பயன்படுத்தியவர் என்று தெரிந்தது. நடுவயதுப் பெண்கள் நிலையே இது என்றால், ஆயாக்கள் நிலையைச் சொல்ல வேண்டுமா?

"இதத் தொட்டா ஒடஞ்சிடுமா கண்ணு?" என்று ஆயா கேட்பாள்.

"ஒடையாது ஆயா. நீ தொடு" என்று பேரன் சொல்ல வேண்டும்.

"தப்பா அமுக்கிட்டா?"

"திரும்பி வந்துடலாம். இதோ, இந்தப் பொத்தான்."

அவ்வளவுதான் முதல் பாடம். ஆனால் ஒரு நிபந்தனை. பேரன் போனைப் பிடுங்கித் தானே செய்துவிடக் கூடாது. ஆயாவின் விரல்தான் அமுக்க வேண்டும். பத்து முறை தப்பு செய்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தடுமாற்றத்தில்தான் மூளை கற்றுக்கொள்கிறது.

எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள். தமிழில் மாற்றி வையுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் மைக் படத்தை அமுக்கித் தமிழில் கேட்கலாம். போன் காதால் கேட்டுப் பதில் சொல்லும். புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்கு, மகளிடமிருந்து வரும் இரண்டு வரிச் செய்தியே நல்ல பாடப் புத்தகம். ஒரு நாளைக்கு ஒன்று என்று கற்றுக் கொடுங்கள். இன்று போன் பேசுவது. நாளை படம் எடுப்பது. அடுத்த நாள் அதை அனுப்புவது.

முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம். பக்கத்துக் கேரள மாநிலத்தில் சுமார் 22 லட்சம் பேருக்கு வீடு தேடிச் சென்று செல்போனும் இன்டர்நெட்டும் கற்றுக் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் அந்த வேலை முடிந்ததாக அறிவித்தார்கள். கற்றவர்களில் ஒருவருக்கு வயது 105!

வலை விரிக்கும் திருடர்கள்

நன்மை உள்ள இடத்தில் ஆபத்தும் உண்டு. முதியவர்களைக் குறிவைத்தே வலை விரிக்கும் திருடர்கள் இருக்கிறார்கள்.

"நான் போலீஸ் அதிகாரி பேசுகிறேன். உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது. காமிரா முன்னால் இருந்து நகரக் கூடாது. பணம் அனுப்பு" என்று மிரட்டுவார்கள். இதற்கு "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று பெயர். நம் சட்டத்தில் இப்படி ஒரு கைது கிடையவே கிடையாது! எந்தப் போலீசாரும் போனில் கைது செய்ய மாட்டார்கள்.

பாங்கியில் இருந்து வரும் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. மகன் என்று சொல்லிக் குரல் கேட்டாலும், பணம் கேட்டால் வைத்துவிட்டு மகனின் பழைய எண்ணுக்கு நாமே போன் செய்ய வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் திரும்பக் கிடைக்க வழி உண்டு.

இன்னொரு ஆபத்து, போனில் வரும் வைத்தியம். "இந்தக் கஷாயம் குடித்தால் சர்க்கரை ஒரே வாரத்தில் ஓடிவிடும்" என்று வரும். நம்பி மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

எப்போதும் பணத்தைக் கவனமாகக் கையாண்ட ஒருவர் திடீரென்று அடிக்கடி ஏமாறுகிறாரா? அவரைத் திட்ட வேண்டாம். டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். கணக்கு வழக்கில் தடுமாறுவது மறதி நோயின் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம்.

செல்போன் மட்டும் போதாது

மூளையைக் காக்கச் செல்போன் ஒன்றே போதும் என்று நினைப்பது தவறு.

2024ல் "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகை அமைத்த நிபுணர் குழு 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. அவற்றை எல்லாம் சரிசெய்தால், உலகத்தில் 100 பேருக்கு வரும் மறதி நோயில் 45 பேருக்கு வருவதைத் தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம் என்று கணக்கிட்டது.

அந்தக் காரணங்களில் சில நம் வீட்டிலேயே இருக்கின்றன. இரத்தக் கொதிப்பு. சர்க்கரை நோய். புகை பிடித்தல். மிதமிஞ்சிய குடி. உடல் உழைப்பு இல்லாமை. பார்வைக் கோளாறு. காது கேளாமை. தனிமை.

தொழிற்சாலையில் மிஷின் சத்தத்துக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது மந்தமாகலாம். காது கேட்காதவர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். பேச்சு குறைந்தால் தனிமை. தனிமையில் மூளைக்கு வேலை இல்லை. "அவருக்குக் காது கேக்காது" என்று ஒதுக்காமல், காது டாக்டரிடம் காட்ட வேண்டும். கண்ணில் புரை இருந்தால் எடுத்துவிட வேண்டும்.

இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து தரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அப்படி வரும் மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிடுவதும் மூளைக்குக் காவல்தான்.

இரவில் படுக்கையில் போன் பார்ப்பது தூக்கத்தைக் கெடுக்கும். விளக்கை அணைக்கும் முன்பே போனை வைத்துவிட வேண்டும். காலையிலும் மாலையிலும் நடக்க வேண்டும். போனில் பேசுவது நல்லது. கோயில் வாசலிலும், மசூதித் தெருவிலும், டீக்கடை பெஞ்சிலும் நேரில் பேசுவது அதைவிட நல்லது.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நாலு முறை கேட்கிறாரா? தெரிந்த தெருவில் வழி தவறுகிறாரா? வீட்டார் பெயர் மாறிப் போகிறதா? பத்து வருடமாகச் செய்த சமையலில் வரிசை தடுமாறுகிறதா? காரணம் இல்லாமல் சந்தேகமும் கோபமும் வருகிறதா? நேற்றுவரை பார்த்த போனை இன்று எப்படித் திறப்பது என்று விழிக்கிறாரா?

"வயசாயிடுச்சு" என்று விடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, பி-12 என்ற வைட்டமின் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு! மறதி நோயாகவே இருந்தாலும், முன்கூட்டித் தெரிந்தால் நோயாளியையும் கவனிக்கலாம், கவனிப்பவரையும் காக்கலாம். முதியோருக்கு உதவ 14567 என்ற இலவச போன் எண்ணும் இருக்கிறது.

தோல் ஊர்களின் இன்றைய வாழ்வு, அந்தக் காலத்தில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று உழைத்தவர்கள் தேடிக் கொடுத்தது. அவர்கள் நமக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார்கள். நாம் அவர்களுக்கு ஒரு பொத்தானை அமுக்கச் சொல்லிக் கொடுக்கக் கூடாதா?

நாளுக்கு அரை மணி நேரம் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.